கொடை நோட்டீஸ் எழுத்துருவைப் போனில் காட்டுவது எப்படி? பிஎஃப்பி, டிடிஎஃப், வோஃப்2 குழப்பம்

வடசேரி டிடிபி

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் அப்பா காலத்திலிருந்து டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், நீத்தார் அறிவிப்பு, இவைதான் பிழைப்பு. எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வளர்ந்தவை. ஓகிப் புயல் வந்த 2017 நவம்பரோடு அந்தப் பழைய கம்ப்யூட்டர் போனது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்திருந்தேன். இப்போது அதிலிருந்து எழுத்துரு ஃபோல்டரை எடுத்தாயிற்று. நாற்பதுக்கும் மேல் கோப்புகள். பாதி பிஎஃப்பி, பாதி டிடிஎஃப்.

விஷயம் இதுதான். ஊர்க் கோயில் கமிட்டிக்காரர்கள் இந்த வருஷக் கொடை நோட்டீஸைப் படமாக இல்லாமல் வெப் பக்கமாகவே கேட்கிறார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற பிள்ளைகள் போனில் திறந்து, பெரிதாக்கிப் படிக்க வேண்டுமாம். எழுத்து மட்டும் நம் கடை எழுத்தாகவே இருக்க வேண்டுமாம். அப்பாவின் நோட்டீஸ் எழுத்தைப் பார்த்தால்தான் கொடை வந்ததுபோல இருக்கும் என்கிறார் தலைவர்.

நான் செய்து பார்த்தவை: 1. கோப்பின் பெயரில் டிடிஎஃப் என்பதை அழித்து வோஃப் என்று போட்டேன். வேலை செய்யவில்லை. சிரிக்க வேண்டாம். 2. ஏதோ ஒரு ஆன்லைன் தளத்தில் ஏற்றி மாற்றினேன். ஒன்று வந்தது, ஒன்று கட்டம் கட்டமாக வந்தது. நாற்பதையும் இப்படி ஒவ்வொன்றாக ஏற்ற என்னால் ஆகாது. கட்டளை வரியில் ஒரே மூச்சில் மாற்றலாம் என்று மருமகன் சொல்கிறான். அவன் லேப்டாப்பில் உபுண்டு இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

முட்டம் லைட்ஹவுஸ்

பெயரை மாற்றினால் கோப்பு மாறுமா அண்ணே? மீன் கூடையில் பூ என்று எழுதி ஒட்டினால் தோவாளைச் சந்தையில் எடுப்பார்களா?

வடசேரி டிடிபி

சிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே.

தக்கலை டெர்மினல்

அண்ணே, பெயரை மாற்றிப் பார்க்காதவர் இங்கே யாரும் இல்லை. விடுங்கள்.

கணினி கோப்பின் வாலைப் பார்ப்பதில்லை, தலையைப் பார்க்கிறது. எழுத்துருக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளிலேயே அது என்ன ஜாதி என்று இருக்கும். ட்ரூடைப் என்றால் சுழியம், ஒன்று, சுழியம், சுழியம். உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைக் கோடுகள் உள்ள ஓப்பன்டைப் என்றால் ஓ, டி, டி, ஓ என்ற நான்கு எழுத்து. வெப் எழுத்துரு என்றால் வோஃப் என்றும், இரண்டாம் பதிப்பு என்றால் வோஃப்2-க்கான சுருக்கமும் இருக்கும். அந்த இடத்தில் பொருந்தாதது இருந்தால் பிரவுசர் அந்தக் கோப்பைத் தொடவே தொடாது.

அதனால் முதலில் உங்கள் நாற்பதும் உண்மையில் என்ன என்று பாருங்கள். உபுண்டு டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய் 'ஃபைல்' என்ற கட்டளை, ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான். வாலில் டிடிஎஃப் என்று இருந்தாலும் உள்ளே வேறாக இருப்பவை ஒன்றிரண்டு கண்டிப்பாக வரும்.

கையில் போன்தான் இருக்கிறது, அதுவும் தமிழ் விசைப்பலகையோடு. அதனால் கட்டளைகளைப் போனில் வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி அடித்துக்கொள்ளுங்கள்.

வடசேரி டிடிபி

அடித்தேன். இருபத்திரண்டு 'போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1' என்கிறது. பதினேழு ட்ரூடைப். மூன்று வெறும் 'டேட்டா' என்கிறது. ஒன்று வாலில் டிடிஎஃப், ஆனால் உள்ளே ஓப்பன்டைப் என்கிறது. நீ சொன்னது சரி மக்கா.

தக்கலை டெர்மினல்

வெறும் டேட்டா என்று வந்த மூன்றும் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்ந்து கெட்டவையாக இருக்கும். ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் பிஎஃப்பிக் கோப்புகள்தான் இந்த டைப் 1. அடோபி 1984-இல் கொண்டுவந்த வகை. அப்பா காலத்துக்கு அதுதான் ராஜா. அதற்குப் போட்டியாக ஆப்பிள் 1991-இல் ட்ரூடைப்பை வெளியிட்டது, அடுத்த வருஷம் விண்டோஸ் 3.1-இலும் அது வந்தது. இப்போது டைப் 1-ஐ யாரும் சீந்துவதில்லை. லிபர் ஆபிஸ் 5.3-இலேயே கைவிட்டது. அடோபியே 2023 ஜனவரியோடு தன் மென்பொருள்களில் ஆதரவை நிறுத்திவிட்டது. பேஜ்மேக்கரை விட்டுப் புதிய மென்பொருளுக்குப் போனால் உங்கள் இருபத்திரண்டும் பட்டியலிலேயே தெரியாது. ஆக, வெப் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கருவி ஃபான்ட்ஃபோர்ஜ். உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபான்ட்ஃபோர்ஜ் வோஃப்2' என்று அடித்தால் நமக்கு வேண்டிய இரண்டும் சேர்ந்தே வரும்.

பிறகு இப்படி: ஃபான்ட்ஃபோர்ஜ், இடைவெளி, சிறுகோடு, லாங் (எல், ஏ, என், ஜி), சமக்குறி, எஃப்எஃப், இடைவெளி, சிறுகோடு, சி, இடைவெளி. அப்புறம் ஒற்றை மேற்கோளுக்குள்: ஓப்பன், அடைப்புக்குறிக்குள் டாலர் 1, அரைப்புள்ளி, ஜெனரேட், அடைப்புக்குறிக்குள் டாலர் 2. மேற்கோளை மூடுங்கள். ஓப்பனுக்கும் ஜெனரேட்டுக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து. கடைசியில் இருக்கும் கோப்பின் பெயர், இடைவெளி, வேண்டிய கோப்பின் பெயர். வேண்டிய பெயரின் வால் என்னவோ அந்த வகையில் எழுதித் தரும். இங்கே மட்டும்தான் வாலுக்கு மரியாதை.

மூன்று விஷயம் கவனியுங்கள்.

பிஎஃப்பியை டிடிஎஃப் ஆக மாற்றாதீர்கள், ஓடிஎஃப் (ஓப்பன்டைப்) ஆக மாற்றுங்கள். டைப் 1-இல் வளைவுகள் முப்படி வளைவுகள், ட்ரூடைப்பில் இருபடி வளைவுகள். இருபடியை முப்படியாக எழுதினால் ஒரு மயிரிழைகூட மாறாது. முப்படியை இருபடியாக்கினால் தோராயம்தான். புள்ளிகள் கூடும், சுழிகளில் சின்னச் சின்ன மேடுபள்ளம் விழும். போதாததற்கு டைப் 1 எழுத்து 1000 அலகுச் சதுரத்தில் வரைந்தது, ட்ரூடைப் பெரும்பாலும் 2048. அங்கேயும் ஒரு முறை முழு எண்ணுக்கு உருட்டும். தமிழ்ச் சுழிக்கு இதெல்லாம் பெரிய எழுத்தில் கண்ணுக்குத் தெரியும். ஓடிஎஃப் என்றால் அப்பா போட்ட வளைவு அப்படியே இருக்கும்.

இரண்டாவது, பிஎஃப்பிக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஏஎஃப்எம் கோப்பு இருந்தால் அதையும் அதே ஃபோல்டரில் விடுங்கள். எழுத்துகளுக்கு இடையே விடும் இடைவெளிக் கணக்கு அதில்தான் இருக்கிறது. ஃபான்ட்ஃபோர்ஜ் தானாக எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பழைய டிடிஎஃப் பதினேழையும் ஃபான்ட்ஃபோர்ஜில் திறக்கவே வேண்டாம். அவற்றுக்கு 'வோஃப்2, அடிக்கோடு, கம்ப்ரஸ்' என்ற கட்டளை போதும். அது எழுத்தைத் திரும்ப வரையாது, மூட்டையாகக் கட்டும். பழைய வோஃப் ஜிலிப் முறையில் சுருக்கியது. 2018 மார்ச்சில் வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்த வோஃப்2 ப்ராட்லி முறையில் சுருக்குகிறது. போனுக்கு அதுவே போதும், பழைய வோஃப் தனியாக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓட்ட 'ஃபார்' சுழற்சி எழுத மருமகனுக்குத் தெரியும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடச் சொல்லுங்கள். இதை மறந்து நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

முட்டம் லைட்ஹவுஸ்

இவ்வளவு வேலையா? நல்ல ஆன்லைன் தளம் பார்த்து ஏற்றினால் டீ குடித்து வருவதற்குள் முடியுமே.

தக்கலை டெர்மினல்

ஒரு கோப்பு என்றால் முடியும். ஆனால் உங்கள் கடை எழுத்துருவை ஊர் பேர் தெரியாத ஒருவர் சர்வரில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அங்கே உள்ளே என்ன கருவி ஓடுகிறது, எழுத்துருவுக்குள் இருக்கும் எந்த அட்டவணையைத் தூக்கிப் போடுகிறது என்றும் தெரியாது. அண்ணனுக்குக் கட்டம் கட்டமாக வந்தது அப்படித்தான்.

வடசேரி டிடிபி

தம்பி, வேலை நடந்துவிட்டது! இருபத்திரண்டும் ஓடிஎஃப், அப்புறம் எல்லாமே வோஃப்2. மருமகன் பக்கத்தில் போட்டுக் காட்டினான். போனில் அப்பாவின் எழுத்து அப்படியே வருகிறது. கமிட்டித் தலைவருக்குக் காட்டினேன், கண் கலங்கிவிட்டார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. துபாயில் இருக்கும் பையன் ஒருவன் அந்தப் பக்கத்திலிருந்து பூஜை நேரத்தை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டானாம். அங்கே போனது தமிழ் இல்லை, ஆங்கிலக் குப்பை. இன்னொருவனுக்கு நெட் மெதுவாக இருந்ததால் எழுத்துரு இறங்கவில்லை, பக்கம் முழுக்கவே அந்தக் குப்பை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கன்வெர்ட் செய்ததில் ஏதாவது தப்பா?

தோவாளை மல்லி

அண்ணா, கன்வெர்ட் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் கேட்டதை அது செய்துவிட்டது. நீங்கள் கேட்டது வேறு, உங்களுக்கு வேண்டியது வேறு.

எங்கள் ஊரில் பூவை ஓலைப் பெட்டியில் கட்டுவோம், பிறகு அட்டைப் பெட்டிக்கு மாற்றி பஸ்ஸில் ஏற்றுவோம். பெட்டி மாறினால் அரளி மல்லிகையாகுமா? பிஎஃப்பி, ஓடிஎஃப், வோஃப்2 எல்லாம் பெட்டி. உள்ளே எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு தனி. அதற்குக் குறியேற்றம் என்று பெயர். உங்கள் எழுத்துரு பாமினி அடுக்கில் இருக்கிறது. அதாவது ஆங்கில ஜே இருக்க வேண்டிய இடத்தில் 'த' படத்தை வைத்திருக்கிறார்கள், கே இடத்தில் 'ம', பி இடத்தில் இகரக் குறி, ஓ இடத்தில் 'ழ', அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. கணினிக்கு அது எப்போதும் ஆங்கிலம்தான். மேலே தமிழ் முகமூடி. முகமூடி இறங்கும் வரை குப்பை தெரியும், நகல் எடுத்தால் முகமூடி இங்கேயே நின்றுவிடும், உள்ளே இருப்பது மட்டும் போகும்.

டைப் 1-இல் இது இன்னும் கூத்து. அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் உண்டு. உங்கள் 'த' படத்துக்குக் கோப்பில் எழுதியிருக்கும் பெயரே 'ஜே'. ஃபான்ட்ஃபோர்ஜ் அந்தப் பெயரை நம்பித்தான் யூனிகோடு எண் போடுகிறது. அதன்மேல் குற்றமில்லை.

பழைய டிடிஎஃப் சிலவற்றில் வேறொரு வகை. 'சிம்பல்' என்று குறித்து, எழுத்துகளை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், எஃப்020-இலிருந்து, வைத்திருப்பார்கள். விண்டோஸ் வேர்டில் ஒழுங்காகத் தெரியும், வெளியே கொண்டுபோனால் கட்டம்.

ஆக, உங்களுக்கு இரண்டு வேலை. நோட்டீஸின் வாசகத்தை யூனிகோடாக மாற்ற வேண்டும். அதைக் காட்ட யூனிகோடு எழுத்துரு வேண்டும். முதல் வேலை கட்டாயம். இரண்டாவதுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, கவிவனார், காட்டமரான் என்று இலவசமாக எத்தனையோ இருக்கின்றன.

வடசேரி டிடிபி

தலை சுற்றுகிறது அக்கா. ஆனால் புரிகிறது. முப்பது வருஷமாக நான் தமிழ் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டாறு கம்பாசிட்டர்

தம்பி, வருத்தப்படாதே. நான் ஈய எழுத்துக் கோத்தவன். எங்களுக்கும் இதே கதைதான். எழுத்துகளைப் போட்டு வைக்கும் கேஸில் எந்த அறையில் எந்த எழுத்து என்பது கைக்குத் தெரியும், கண் பார்க்காது. வேறு அச்சகத்துக்குப் போனால் அங்கே அறை மாறியிருக்கும். ஒரு வாரம் நான் கோத்ததெல்லாம் பைத்தியக்காரன் பேச்சாக இருக்கும். எழுத்து அதே எழுத்து, அறைதான் வேறு. தோவாளைப் பிள்ளை சொல்வதும் அதுதானே?

இந்த ஊர் அச்சுக்குப் பழைய ஊர். 1820களின் தொடக்கத்திலேயே லண்டன் மிஷன்காரர்கள் நாகர்கோவிலில் அச்சகம் வைத்துவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. தும்பிக்கை வைத்த 'லை', 'னை', 'ணை', கொக்கி போட்ட 'றா', 'னா', 'ணா' எல்லாம் போயிற்று. முதலாளி பழைய எழுத்தை உருக்க மனமில்லாமல் ரொம்ப நாள் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

தோவாளை மல்லி

ஐயா, அதேதான். இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. யூனிகோடு என்பது எல்லா அச்சகத்துக்கும் ஒரே கேஸ். தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை 128 அறை. 'த' என்றால் உலகம் முழுக்க 0பிஏ4.

அந்தத் தும்பிக்கை 'லை'க்குத் தனி அறை கிடையாது. 'ல'வும் ஐகாரக் குறியும் சேர்ந்து வரும்போது தும்பிக்கை போடு என்று எழுத்துருவுக்குள் எழுதி வைத்தால் அதே வாசகம் பழைய கோலத்தில் தெரியும்.

களியக்காவிளை பார்டர்

எங்கள் பக்கத்தில் மலையாளத்திலும் இதே தலைவலி. 1971 சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்தும் பிந்தைய பிரித்தெழுத்தும் யூனிகோடில் ஒரே வாசகம்தான், எந்தக் கோலத்தில் தெரியும் என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. ஆனால் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்களுக்கான தனி வடிவங்கள்) 2008-இல் யூனிகோடு 5.1-இல் தனி இடம் கொடுத்ததால், அதற்கு முன்னால் அடித்ததும் பின்னால் அடித்ததும் பார்வைக்கு ஒன்று, தேடினால் வேறு. இரண்டு மொழியில் நோட்டீஸ் அடிக்கும் என்னைப் போன்றவர்களின் பாவத்தை யாரிடம் சொல்ல.

நிர்வாகி

மலையாளத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கொடை நோட்டீஸ் முடியட்டும்.

வடசேரி டிடிபி

மருமகன் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினான். ஜே வந்தால் த, கே வந்தால் ம என்று ஒவ்வொன்றாக மாற்றுவது. 'தமிழ்' சரியாக வந்தது. 'கோயில்' என்ற சொல்லில் முன்னால் ஒரு புள்ளிபுள்ளியான வட்டம், அதற்குப் பக்கத்தில் இரட்டைக் கொம்பு, அப்புறம்தான் 'கா'. சில சொல்லில் வட்டம் வரவில்லை, ஆனால் கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது இன்னும் மோசம், படித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்கவே முடியாது.

தோவாளை மல்லி

பழைய எழுத்துருக்களில் கண்ணால் பார்க்கிற வரிசையில் அடிப்போம். கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யூனிகோடில் சொல்கிற வரிசை. க முதலில், ஓகாரக் குறி பின்னால். கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது காட்டும்போது நடக்கும் வேலை. உங்கள் நிரல் கொம்பை முன்னாலேயே விட்டுவிட்டது. அதற்கு முன்னால் சாய்ந்துகொள்ள எழுத்து இல்லாததால் கணினி ஒரு புள்ளி வட்டத்தை உட்கார வைத்தது. இருந்தால் அந்த எழுத்திலேயே ஒட்டிக்கொண்டது.

அதனால் எழுத்து எழுத்தாக மாற்றக் கூடாது. 'கொம்பு, மெய், கால்' என்ற மூன்று சேர்ந்த சேர்க்கைகளை முதலில் மாற்றுங்கள். பிறகு 'கொம்பு, மெய்' என்ற இரண்டு. கடைசியில் தனி எழுத்து. நீளமானது எப்போதும் முதலில்.

ஒரு பொறி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனிக் குறி கிடையாது, 'ள'வையே வைத்து ஒப்பேற்றுவோம். அதனால் 'கௌரி' என்று அடித்ததும் 'கெ', 'ளரி' என்று அடித்ததும் கோப்பில் ஒன்றுபோலவே இருக்கும். நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. இன்று இணையத்தில் பாதிப் பேர் 'கெளரி', 'மெளனம்' என்று ள போட்டே எழுதுவது இந்தப் பழக்கத்தின் மிச்சம்தான். பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. கௌரி, கௌதமன், மௌனம், சௌந்தரம், பௌர்ணமி என்று ஒரு பட்டியல் போட்டு அவற்றை மட்டும் தனியாக மாற்றுங்கள். கொடை நோட்டீஸில் பௌர்ணமி வராமல் இருக்காது.

வடசேரி டிடிபி

மூன்று இடத்தில் வந்தது. உபயதாரர் பெயரில் இரண்டு கௌரி. சரி செய்தாயிற்று.

வாசகம் முழுக்க யூனிகோடு இப்போது. நோட்டோ செரிஃப் தமிழில் போட்டுப் பார்த்தேன். தெளிவாக, அழகாக இருக்கிறது. ஆனால் தலைவர், 'இது பாஸ்போர்ட் ஆபீஸ் எழுத்து மாதிரி இருக்கிறது, நம் எழுத்து எங்கே' என்கிறார்.

நிர்வாகி

இங்கே ஒரு வார்த்தை. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றி அமைப்பது பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு முன் உரிமை யாருடையது என்று சொல்லுங்கள். விலைக்கு வாங்கிய எழுத்துருவை வெப்பில் ஏற்றுவதும், உள்ளே கை வைத்து மாற்றுவதும் உரிமத்தில் அனுமதி இருந்தால்தான். எழுத்துருவுக்குள் ஓஎஸ்/2 என்ற அட்டவணையில் 'எஃப்எஸ்டைப்' என்று ஓர் எண் இருக்கும். சுழியம் என்றால் நிறுவலாம், 2 என்றால் உரிமையாளரைக் கேட்காமல் எங்கேயும் பதிக்கக் கூடாது. ஆனால் அந்த எண் மட்டும் உரிமம் ஆகாது, தாளையும் பாருங்கள். திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவற்றிலும், மாற்றினால் சிலவற்றின் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. ஒன்றும் மாற்றாமல் வோஃப் ஆகக் கட்டுவது மட்டும் மாற்றமாகக் கருதப்படாது.

வடசேரி டிடிபி

நியாயம்தான். நாற்பதில் பெரும்பாலானவை அப்பா பணம் கொடுத்து வாங்கிய பிளாப்பியில் வந்தவை. அவற்றை வெப்பில் போடப் போவதில்லை. முதல் நாள் சோதனைக்குப் போட்டதையும் எடுத்துவிட்டேன்.

ஆனால் தலைவர் கேட்கிற அந்தத் தலைப்பெழுத்து எங்கள் வீட்டுச் சரக்கு. கோட்டாறில் போர்டு எழுதும் சித்தப்பா ஒருவர் வெள்ளைத் தாளில் வரைந்தார், அப்பா அதை ஸ்கேன் செய்து எழுத்துருவாக்கினார். இரண்டு மழைக்காலம் எடுத்தது. அப்பா இல்லை, சித்தப்பா இருக்கிறார். அவரிடம் கேட்டேன். 'போனில் தெரியுமா' என்று மட்டும் கேட்டார்.

தக்கலை டெர்மினல்

அப்படியென்றால் கை வைக்கலாம். இனி வேறு கருவி: ஃபான்ட்டூல்ஸ். பைத்தானில் எழுதியது. 'பிப் இன்ஸ்டால் ஃபான்ட்டூல்ஸ் ப்ராட்லி'. அதோடு 'டிடிஎக்ஸ்' என்ற கட்டளை வரும். ஓடிஎஃப் கோப்பை அதற்குக் கொடுத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் ஆக எழுதித் தரும், திருத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தால் எழுத்துருவாகக் கட்டித் தரும். எழுத்துருவின் வயிற்றைத் திறந்து பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: 'ஜே' என்று பெயர் போட்ட படத்துக்கு 'யூனி0பிஏ4' என்று பெயர் மாற்றி அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றும். ஃபான்ட்ஃபோர்ஜ் சாளரத்தில் கையாலும் செய்யலாம், ஒரு பட்டியல் வைத்து நிரலாலும் செய்யலாம்.

பிறகு மல்லி அக்கா சொல்லட்டும், அது அவர் வேலை.

தோவாளை மல்லி

உயிர் பன்னிரண்டு, ஆய்தம், மெய் அகரங்கள், கால், கொம்புகள், புள்ளி, இகர ஈகாரக் குறிகள். இவற்றுக்கு எண் கொடுத்தால் போதும். சிக்கல் உகர ஊகாரத்தில். 'கு', 'கூ', 'சு', 'து' ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டு, முப்பத்தாறு தனிப் படம். கூடவே டி, டீ, க்ஷ, ஸ்ரீ. இவற்றுக்கு யூனிகோடில் எண் கிடையாது. 'க'வும் உகரக் குறியும் சேர்ந்து வந்தால் இந்தப் படத்தைப் போடு என்று எழுதி வைக்க வேண்டும். ஜிசப் என்ற அட்டவணை அதற்குத்தான். ஃபீச்சர் கோப்பு ஒன்றில் வரிவரியாக எழுதி ஃபான்ட்டூல்ஸிடம் கொடுத்தால் உள்ளே சேர்த்துவிடும். ஆன்லைன் தளங்கள் சில இந்த அட்டவணையைத்தான் தொலைக்கின்றன. அப்போது 'கு' என்பது 'க'வும் பக்கத்தில் ஒட்டாத குறியுமாக நிற்கும்.

ஸ்ரீக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடு 4.1-இல் வந்த ஶ-வில் தொடங்குவது ஒன்று. எந்த விசைப்பலகை எதை அடிக்கும் என்று சொல்ல முடியாது.

வடசேரி டிடிபி

நான்கு நாள் ராத்திரி உட்கார்ந்தோம். கு, கூ எல்லாம் வருகிறது. ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது! 'கெ' என்றால் முதலில் க, பிறகு கொம்பு. கொம்பை முன்னால் நிறுத்துவது காட்டும்போது தானாக நடக்கும் என்றீர்களே அக்கா?

தோவாளை மல்லி

ஃபீச்சர் கோப்பின் தலையில் எந்த ஸ்கிரிப்டின், அதாவது எந்த எழுத்துமுறையின், கீழ் எழுதினீர்கள்? பொதுவான இயல்பு ஸ்கிரிப்ட் என்று விட்டிருப்பீர்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் எழுத்தை அடுக்க ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. இயல்பு ஸ்கிரிப்ட் மட்டும் இருந்தால் அது இதைத் தமிழ் விதிப்படி நடத்தாது, கொம்பை இடம் மாற்றாது. 'டி, எம், எல், 2' என்ற தமிழ்க் குறியின் கீழ் எழுதுங்கள். பழைய மென்பொருளுக்காக 'டி, ஏ, எம், எல்' என்ற பழைய குறியின் கீழும் ஒரு நகல்.

வடசேரி டிடிபி

வந்துவிட்டது!! இரண்டு வரி மாற்றம். இதற்கா நான்கு ராத்திரி?

தக்கலை டெர்மினல்

எல்லாமே இரண்டு வரிதான் அண்ணே, எந்த இரண்டு என்பதுதான்.

கடைசிப் படி. 'பைஎஃப்டி சப்செட்' கட்டளையில் எழுத்துருவைக் கொடுத்து, யூனிகோடு எல்லையாக 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, சாதாரண ஆங்கில எழுத்து எண், அதோடு 200சி, 200டி, 25சிசி. கடைசி மூன்றில் முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, ஒன்று இணைப்பு நீக்கி, இன்னொன்று இணைப்பான். மூன்றாவது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான புள்ளி வட்டம். ஃபீச்சர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று நட்சத்திரக் குறி கொடுங்கள். ஃப்ளேவர் என்பதற்கு வோஃப்2. எண் இல்லாத 'கு', 'கூ' படங்களை விட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஜிசப் வழியாக எட்டக்கூடியதை அதுவே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும்.

எழுத்துருவை வேறு டொமைனில் வைக்காதீர்கள். வைத்தால் சர்வர் தலைப்பில் அனுமதி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசர் வாங்காது. 'ஃபான்ட் டிஸ்ப்ளே'க்கு 'ஸ்வாப்' போடுங்கள். எழுத்துரு இறங்கும் வரை போனில் இருக்கும் தமிழ் எழுத்தில் வாசகம் தெரியும். குப்பை தெரியாது.

வடசேரி டிடிபி

தாமதத்துக்கு மன்னிக்கவும், கொடை முடிந்துதான் எழுதுகிறேன். பக்கம் நன்றாக ஓடியது. துபாய்ப் பையன் பூஜை நேரத்தை நகல் எடுத்துப் போட்டான், தமிழாகவே போனது. மஸ்கட்டில் ஒரு கண் தெரியாத பெரியவர், அவர் போன் நோட்டீஸை வாசித்துக் காட்டியதாம். அதை நான் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்குப் போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கி, 'ழ'வின் வாலை ரொம்ப நேரம் பார்த்தார். 'இது நான் போட்டதுதான்' என்றார். பிறகு பட்டியல் முழுவதையும் காட்டச் சொன்னார். அதில் நான்கு இடம் காலி. ஙு, ஙூ, ஞு, ஞூ. அந்தக் காலத்தில் 256 இடத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததால் அப்பா அவற்றை விட்டிருக்கிறார்.

'இதையெல்லாம் யாரும் அடிக்க மாட்டார்கள் சித்தப்பா' என்றேன்.

'அது சரி' என்று சொல்லிவிட்டு, எத்தனை சென்டிமீட்டரில் வரைய வேண்டும் என்று கேட்கிறார். யாராவது சொல்லுங்கள், 1000 அலகுச் சதுரத்துக்குத் தாளில் என்ன அளவு வைப்பது?

கோட்டாறு கம்பாசிட்டர்

பெரிதாக வரையச் சொல், தம்பி. சிறிதாக்குவது மிஷின் பாடு. நாளை மாலை நானும் வருகிறேன், ஞூ எப்படி முடியும் என்று அவருக்கு நினைவிருக்கிறதா பார்ப்போம்.